அம்மனுக்குக் கொடுத்த உயிர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. செத்த வீட்டில் சிரித்து அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் இருந்த கதிரையை விட்டு எழும்பும்போது அவருடைய வேட்டி அதன் ஆணியில் கொழுவிக்கொண்டது. நான் சிரித்த சிரிப்பில் அந்தச் சம்பந்தம் அன்றைக்கே குழம்பிப்போனது. இனிக் கொஞ்ச நாள் ஊரார் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வீட்டார் என்னை வன்னியில் இருந்த அக்காவிடம் அனுப்பினார்கள். "அங்கை காடுதானே, சிரிக்க ஒண்டும் இராது" என்றார் அப்பா. அப்பாவுக்குத் தன் மூத்த மருமகனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அக்காவும் அத்தானும் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துக் கிளிநொச்சிப் பக்கம் வந்திருந்தார்கள். மேலே குளம், கீழே வாய்க்கால், வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் வயல், அதற்குப் பின்னால் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் காடு. குளக்கட்டு எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. படம் பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கு ஓட வேண்டும். ஆகவே எங்கள் குடியேற்றத்தில் எல்லோருக்கும் அத்தான்தான் படம்.

அத்தான் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை போகிற வேகத்தில் மறந்துபோவேன். அக்காவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. என்னை "மச்சாள்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். வரம்பு கட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் கள்ளுத் தவறணைப் பக்கம் போனால் ஆள் வேறு. ஏன் குடித்தார் என்று கேட்கிறீர்களா? மழை பெய்தால் மழைக்குக் குடித்தார், பெய்யாவிட்டால் பெய்யாததற்குக் குடித்தார். சாராயம் கிடைக்காத நாளில் காட்டுக்குள் காய்ச்சுகிற கசிப்பைக் குடித்தார்.

குடித்தால் சாகப் போவார். சனிக்கிழமைகளில் பின்னேரம் ஒழுங்கைத் தொங்கலில் சத்தம் கேட்கும். "இண்டைக்கு முடிக்கிறன்! ஒருத்தரும் மறிக்கக்கூடாது! நான் குளத்துக்குப் போறன்!" இந்த அறிவித்தல் வீட்டுக்கு வீடு நின்று சொல்லப்படும். பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். பக்கத்து வீட்டு மாமி வறுத்த கச்சான் கடலையைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வருவா. நான் எப்போதும் முதல் ஆளாகக் குளக்கட்டில் ஏறி, அவருக்குக் கிட்ட நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொள்வேன்.

ஒரு ஆடி மாதம் நடந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு நோகிறது. மழை கண்டு மாதக்கணக்காகி, குளம் வற்றிக் கிடந்தது. அத்தான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு இறங்கினார். நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. கடைசியில் சேற்றில் ஒரு கால் புதைந்து, சாரம் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக நின்றார். இரண்டு பேர் போய் இழுத்து எடுத்தார்கள். கரைக்கு வந்தவருக்குக் கோபம் என்றால் கோபம். "ஒரு குளத்தைக்கூட ஒழுங்காக் கட்டத் தெரியாத அரசாங்கம்!" என்று கத்தினார். மாமிக்குக் கச்சான் புரையேறியது. நான் குளக்கட்டில் உருண்டேன்.

இன்னொரு முறை பட்டினி கிடந்து சாகப் போவதாக முற்றத்தில் படுத்தார். அக்கா விரால் மீன் குழம்பு வைத்தா. தாளிதம் மணக்கத் தொடங்கியதும் ஒரு கண் திறந்தது. "சாகிற ஆளுக்கு ஒரு பிடி சோறு குடுக்கிறது புண்ணியம்" என்றார். மூன்று கோப்பை சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் கண்டால் வெட்கத்தோடு பல்லைக் காட்டுவார். "சிரியும் மச்சாள், சிரியும். நேற்று நல்ல கூத்துத்தானே?" என்பார். நானும் அவர் ஆடின ஆட்டத்தை அவருக்கே நடித்துக் காட்டுவேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம்.

அக்கா மட்டும் சிரிப்பதில்லை. அவர் கத்திக்கொண்டு போகும்போது அவருக்குப் பத்தடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நடந்து போவா. எல்லாம் முடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு வருவா. அக்காவுக்குப் பகிடி விளங்காது என்று நான் நினைத்தேன். அதை மாமியிடம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் மாரிக் காலபோகத்துக்கு விதைக்க வேண்டிய நேரத்தில் பெரிய வினை ஒன்று வந்தது. அத்தான் சைக்கிள் கரியரில் விதைநெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு தவறணை வழியாக வந்தார். வந்தவர் மூட்டையோடு வாய்க்காலுக்குள் விழுந்தார். நாங்கள் ஊறப்போட முதலே விதைநெல்லை அவர் ஊறப்போட்டுவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பாதி நெல் தண்ணீரோடு போய் யார் யாருடைய வரம்பிலோ முளைத்தது. அன்றைக்கு அக்கா குசினிக்குள் இருந்து அழுதா. அக்கா அழுததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இந்த மனிதரைத் திருத்தாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

குளக்கட்டின் தொங்கலில் மருதமரத்துக்குக் கீழே குடியேற்றத்து அம்மன் கோயில் இருந்தது. பூசாரியாரும் எங்களைப் போலக் காணி கிடைத்து வந்த கமக்காரர்தான். வெள்ளிக்கிழமை அத்தானை நான் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் வழக்கத்தில் பெரிய சத்தியம் என்றால் உள்ளங்கையில் எரிகிற கற்பூரத்தை அணைத்துச் செய்வது. அதை மீற ஒருவரும் துணியமாட்டார்கள். பாதிக் குடியேற்றம் பார்க்க வந்திருந்தது. மாமி கச்சானோடு வந்திருந்தா.

"இனிக் குடிக்கமாட்டன் எண்டு சொல்லி அணை, தம்பி" என்றார் பூசாரியார்.

நான் குறுக்கே விழுந்தேன். "அது காணாது, பூசாரியார். அப்பிடி என்னட்டை மூண்டு தரம் சொன்னவர்."

"பின்னை என்ன சொல்ல வேணும், பிள்ளை?"

"குடிச்சால் என்ரை உயிர் அம்மனுக்கு எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

சனத்துக்குள்ளிருந்து ஒரு ஆரவாரம் எழுந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தா. விரல்கள் இறுகியிருந்தன. "உயிரை விடடி. வேறை ஏதும் சொல்லு" என்றா மெல்ல.

"அக்கா, உயிருக்குத்தான் ஆக்கள் பயப்பிடுவினம். சும்மா இரு."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லிக் கற்பூரத்தை அணைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் நடக்கவில்லை, துள்ளிக்கொண்டு வந்தேன்.

முதல் வாரம் பயங்கரமாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை அவரால் பிடிக்க முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. சுவரில் எறும்பு போகுது என்றார், சுவரில் ஒன்றும் இல்லை. அக்கா பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கினா. நானோ வருகிற போகிறவர்களிடம் "அம்மன் வேலை செய்யிறா" என்று பெருமையடித்தேன். அது கழிய ஆள் தேறினார். பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கலியாண வீடு. முகம் தெளிந்தது. வயலில் கிளி கலைக்கும்போது பாடினார். அக்காவைச் சைக்கிள் பாரில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனார். அக்கா கண்ணாடி வளையலோடு திரும்பி வந்தா. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேரே கோழிக்கூட்டுக்குள் போய்விட்டா. நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் வெளியே வந்தன.

என் புகழ் வாய்க்கால் வழியே பரவியது. குடிக்கிற புருசன் உள்ள பெண்களெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். "தங்கச்சி, எங்கடை ஆளுக்கும் ஒரு நல்ல சத்தியம் சொல்லித் தாரும்." நான் குசினிக் குந்துத் திண்ணையில் இருந்து ஆளுக்கேற்ற மாதிரிச் சத்தியம் தயாரித்தேன். ஒருவர் தன் எருதின் மேல் சத்தியம் பண்ணினார். அடுத்த கிழமை எருதை விற்றுவிட்டு நிம்மதியாகக் குடித்தார். இன்னொருவர் மாமியாரின் உயிரை வைத்துச் சத்தியம் செய்ய மிகவும் சந்தோசமாகச் சம்மதித்தார். மாமியார்தான் சம்மதிக்கவில்லை. சத்தியம் பலித்தது அத்தான் ஒருவருக்கு மட்டும். அதனால் அவரை நான் என் சொந்தச் சாமான் போலக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

பின்னேரங்களில் அவர் படியில் இருந்து குளக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பகிடி விடுவதில்லை. ஆள் சாந்தமாகிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா மட்டும் தையலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்துகொள்வா.

மாசியில் அறுவடை முடிந்து சூடு அடித்தார்கள். கடைசி நாள் பின்னேரம் களத்தில் வேலை செய்தவர்களுக்குள் ஒரு போத்தல் சுற்றியது. களத்தில் நீட்டியதை வேண்டாமென்றால் நெல்லுப் பொலி குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்கா விறகு பொறுக்கப் போயிருந்தா. அத்தான் வந்தார். நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். தோய்த்த வேட்டி கட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்தார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"மச்சாள், நான் குடிச்சிட்டன்."

"எவ்வளவு?"

"ஒரு கிளாஸ். பிறகு இன்னும் ரெண்டு."

கல்யாணத்துக்கு அழைப்புச் சொல்ல வந்தவரைப் போல அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். எனக்கு அடக்க முடியவில்லை. "அப்ப உங்கடை உயிர் இனி அம்மன்ரை, அத்தான்!" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஓம்" என்றார் அவர். "அக்காட்டை மாட்டைக் கட்டச் சொல்லும்." படலையைத் திறந்தார், வெளியே போனார், திரும்பிப் படலையைக் கொழுவினார். நான் சிரித்துக்கொண்டே மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தேன்.

அக்கா விறகுக் கட்டோடு வந்தா. "எங்கை அவர்?"

"குளக்கட்டுப் பக்கம். இண்டைக்குப் பழையபடி குடியாம்!"

"சத்தம் போட்டவரே?"

"இல்லையே. நல்ல பிள்ளை மாதிரிக் குளிச்சு, வேட்டி கட்டிக்கொண்டெல்லோ போறார்."

விறகு விழுந்த சத்தத்தோடு அக்கா ஓடத் தொடங்கினா. அக்கா ஓடி நான் கண்டதே இல்லை. படலையைத் திறக்கக்கூட நிற்கவில்லை, வேலியைப் பிரித்துக்கொண்டு போனா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழமைக்கு ஒரு தரம் உயிர் வேண்டாம் என்று கத்துகிற மனிதரிடம் போய், உயிருக்கு ஆக்கள் பயப்படுவார்கள் என்று உயிரையே ஈடு கேட்டிருக்கிறேன். நானும் ஓடினேன். வெட்கக்கேடு, ஓடும்போதும் சிரிப்புத்தான் வந்தது. பயம் வந்தாலும் என் வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும். கையில் தேங்காய்ப்பூ, காலில் செருப்பில்லை, பின்னால் யாரோ வீட்டு நாய் வேறு. ஓடிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அம்மனைத் திட்டினேன்.

குளம் அந்த மாதம் விளிம்பு முட்ட நிறைந்திருந்தது. அத்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற துருசடிப் படியில், தண்ணீருக்குள் காலை விட்டபடி இருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் இருந்தா. அவருடைய வேட்டித் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டா.

"இஞ்சாருங்கோ, வீட்டை வாங்கோ."

"இல்லை. கற்பூரம் அணைச்சுச் சொன்னது." அவர் குரலில் வெறி இல்லை. "என்ரை வாயாலை சொன்ன ஒண்டையும் நான் செய்யேல்லை. கூரை மேயிறன் எண்டு சொன்னன், மேயேல்லை. உன்னை நல்லாப் பாக்கிறன் எண்டு உங்கடை அப்பாட்டைச் சொன்னன். இந்த ஒண்டையாவது செய்ய விடு."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "அத்தான், அது நான் சொன்ன சத்தியம். நீங்கள் சும்மா திருப்பிச் சொன்னனீங்கள், அவ்வளவுதான். உயிர் வேணுமெண்டால் அம்மன் என்ரையை எடுக்கட்டும்!"

"உமக்கென்ன விசரே, மச்சாள்? நீர் குடிக்கேல்லையே."

குளக்கட்டு நீளத்துக்குக் கோயிலை நோக்கி ஓடினேன். பூசாரியார் மருதமரத்துக்குக் கீழே இருந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். நான் அழுததில் பாதி விளங்கியதோ என்னவோ, பழமும் கையுமாக எழும்பி ஓடிவந்தார். அவருடைய வண்டி வயிறு அவருக்கு முன்னால் ஓடியது.

"தம்பி," என்றார், வந்து படியில் தொப்பென்று இருந்துகொண்டு. "அம்மன் உன்னட்டை உயிர் கேட்டவவே?"

"இல்லை. நான் குடுத்தது."

"கேட்டது இந்த விசர்ப் பெட்டை. அம்மன் தான் கேளாததை எடுக்கமாட்டா. நீ குடுத்த நாள் தொடக்கம் அது கோயில் மூலையிலை சும்மா கிடக்குது. எனக்குக் கூட்டித் துடைக்கவும் இடைஞ்சல். நீ திருப்பிக் கொண்டுபோ." திருநீறு எடுக்க மடியைத் தடவினார். மடியில் ஒன்றும் இல்லை. கையில் பாதிப் பழம்தான் இருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார், கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார், நீட்டினார். "இந்தா பிரசாதம். உன்ரை உயிர் இதுக்குள்ளை இருக்கு. தின்."

அத்தான் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்கள் கடிச்ச பழமே, பூசாரியார்?"

முதலில் சிரித்தது அக்கா. சத்தியமாக அக்காதான். வாயைப் பொத்தப் பார்த்தா, முடியவில்லை. வேட்டித் தலைப்பை விடாமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா, கண்ணீர் கன்னத்தால் வழிந்தது. பூசாரியார் வண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தான் அழுதுகொண்டு பழத்தைத் தின்றார். தின்று முடிய அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் இருக்கிறார், தொண்டைக்குள்ளால் பழம் இறங்குகிறது என்பதே எனக்குத் தலை கிறுகிறுக்கப் போதுமாக இருந்தது.

குளக்கட்டால் திரும்பி வரும்போது எதைப் பார்த்தாலும் சிரித்தேன். கொக்கு ஒற்றைக் காலில் நின்றது, அதற்குச் சிரித்தேன். அந்தச் சந்தோசத்தில்தான் கேட்டேன்.

"அத்தான், முந்திச் சனிக்கிழமையளிலை கத்திக்கொண்டு வந்தனீங்களே. அதெல்லாம் பகிடிதானே? இண்டைக்கு மட்டும்தானே மெய்?"

அவர் யோசித்தார். "இல்லை, மச்சாள். எல்லா நாளும் மெய்தான். குடிச்சால் வாழ விருப்பம் இராது. விடிஞ்சால் வெட்கமா இருக்கும், அதாலை உம்மோடை சேர்ந்து சிரிக்கிறனான்."

"பின்னை ஏன் ஊரைக் கூட்டினனீங்கள்?"

"ஆரும் ஒராள் வந்து கையைப் பிடிப்பினம் எண்டுதான்."

எனக்கு நடை நின்றுவிட்டது. அக்கா முன்னால் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தா. அவவுக்கு இது தெரிந்திருந்தது. அந்தப் பத்தடி எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எத்தனை சனிக்கிழமை நான் அவருக்கு அவ்வளவு கிட்ட நின்றேன். கை நீட்டினால் எட்டியிருக்கும். நான் கச்சான் கோதுடைத்துக்கொண்டு நின்றேன்.

அத்தானிடம் அதற்குப் பிறகு யாரும் சத்தியம் கேட்கவில்லை. குடித்தால் ஒளிக்காமல் அக்காவிடம் வந்து சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு. குடி உடனே போகவில்லை. பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை ஒழுங்கைத் தொங்கலில் சத்தம் கேட்டது. "இண்டைக்கு முடிக்கிறன்! ஒருத்தரும் மறிக்கக்கூடாது!" அதைக் கேட்டு எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. கத்துகிறார், கத்துகிறார் என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். சனம் வழமை போலக் கூடியிருந்தது. மாமி எனக்கு இடம் விட்டா. நான் அந்த இடத்தைத் தாண்டிப் போய் அவருடைய கையைப் பிடித்தேன். எல்லோரும் அதையும் ஒரு கூத்து என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பவர்கள் நின்ற தூரத்திலிருந்து அது தெரியாது.